வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்களா? நான் பட்டதை வைத்துச் சொல்கிறேன்

சென்னிமலையில் பெட்ஷீட், துண்டு வியாபாரம் செய்கிறேன். நாலு தறி சொந்தம். ஊருக்குள் இன்னும் ஏழு வீடுகளுக்குப் பாவும் நூலும் கொடுத்து, கூலிக்கு நெய்து வாங்குகிறேன். வாட்ஸ்அப்பில் படம் போட்டால் வெளிமாநிலங்களிலிருந்தும் ஆர்டர் வரும். பணம் பெரும்பாலும் ஜி.பே.யில்தான்.

போன வருடம் ஒரு புதன்கிழமை மதியம் நூல் கடைக்கு 62,000 ரூபாய் அனுப்பப் பார்த்தேன், போகவில்லை. நெட் சரியில்லை என்று நினைத்து மூன்று முறை அனுப்பிப் பார்த்துவிட்டு வங்கிக்கு நடந்தேன். கணக்கில் 3,86,000 ரூபாய் இருக்கிறது, ஆனால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது என்றார்கள். "சைபர் கிரைம்ல இருந்து ஃப்ரீஸ் பண்ணச் சொல்லி வந்திருக்கு மேடம்" என்று கவுண்டரில் இருந்த தம்பி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அப்படியும் வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இருபது வருடமாக அந்த வங்கிக்குப் போய் வருகிறேன். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நடந்தது இதுதான். மூன்று வாரம் முன்பு வடமாநிலத்திலிருந்து ஒருவர் 18 பெட்ஷீட் கேட்டு 7,450 ரூபாய் அனுப்பியிருந்தார். நானும் பார்சல் போட்டுவிட்டேன். அந்தப் பணம் யாரோ ஒருவரை ஏமாற்றிப் பிடுங்கியது. கை மாறி, கை மாறி என் கணக்குக்கு வந்திருக்கிறது. என் பெயரில் எஃப்.ஐ.ஆர். கிடையாது. எனக்கு ஒரு நோட்டீஸ் வரவில்லை, யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை பதினோரு பேருக்குக் கொடுக்க வேண்டிய கூலி உள்ளே மாட்டிக்கொண்டது. கையிலிருந்த இரண்டு வளையலை அடகு வைத்துத்தான் அந்த வாரக் கூலியைக் கொடுத்தேன்.

47 நாள் கழித்துக் கணக்கு திறந்தது. அந்த நாட்களில் நான் செய்த தவறுகளையும் சரியாகச் செய்தவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கமிஷன் வாங்கிக்கொண்டு தன் கணக்கை மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டவர்களுக்கு இது உதவாது. நேர்மையாக ஒரு பொருளை விற்றோ, ஒரு வேலையைச் செய்தோ பணம் வாங்கி, அதனால் மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் கடையில் இருக்கும் கியூ.ஆர். அட்டையை எடுங்கள்

வங்கியிலிருந்து திரும்பியதும் நான் அழுதேன், தம்பிக்குப் போன் போட்டேன், வக்கீலைத் தேடினேன். கல்லாப் பெட்டி மேல் ஒட்டியிருந்த கியூ.ஆர். அட்டையை மட்டும் மறந்துவிட்டேன். அடுத்த இரண்டு நாளில் இன்னும் 21,300 ரூபாய் அதே கணக்குக்குள் போய் விழுந்தது. "பணம் பெறப்பட்டது" என்று அந்தச் சின்ன ஸ்பீக்கர் ஒவ்வொரு முறையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. உள்ளே போகும், வெளியே வராது. இதைத்தான் டெபிட் ஃப்ரீஸ் என்கிறார்கள்.

அதனால் அன்றே அட்டையை எடுத்துவிட்டு, வழக்கமான வாடிக்கையாளர்களுக்கு வேறு கணக்கு எண்ணை அனுப்புங்கள். அந்தக் கணக்கில் ஏதாவது கடன் தவணை தானாகப் பிடிக்கிற மாதிரி இருந்தால், அந்தத் தேதிக்கு முன்பே கடன் கொடுத்தவர்களிடம் எழுதிச் சொல்லுங்கள். தவணை தவறினால் அபராதம் உங்கள் தலையில்தான் விழும்.

உங்கள் கணக்குக்கு என்ன ஆகியிருக்கிறது என்பதையும் சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 'லீன்' போட்டிருந்தால் ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டும்தான் நிறுத்தி வைத்திருப்பார்கள், மீதியை நீங்கள் எடுக்கலாம். டெபிட் ஃப்ரீஸ் என்றால் எதையும் எடுக்க முடியாது. முழு ஃப்ரீஸ் என்றால் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. உங்கள் போராட்டம் முழுக்க ஃப்ரீஸை லீனாக மாற்ற வைப்பதற்குத்தான்.

இது எப்படி நடக்கிறது

பணத்தைப் பறிகொடுத்தவர் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்கிறார், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிகிறார். அவருக்கு ஓர் ஒப்புகை எண் கிடைக்கிறது. உள்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ள இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2021 முதல் நடத்தும் அமைப்பு வழியாக அந்தப் புகார் வங்கிகளுக்குப் போகிறது. பணம் முதலில் போன கணக்கு, அங்கிருந்து போன அடுத்த கணக்கு, அதற்கும் அடுத்தது என்று அடுக்கடுக்காகத் தேடி நிறுத்துகிறார்கள். என்னுடையது நான்காவது அடுக்கு. முதல் மூன்று அடுக்கில் இருந்தவர்கள் அரை மணி நேரத்தில் பணத்தை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். பணத்தை எடுக்காமல் வைத்திருந்தது நான்தான்.

வங்கியிடம் வாயால் கேட்காதீர்கள்

மேலாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் "மேலிருந்து வந்தது, எங்க கையில் ஒன்றும் இல்லை" என்பதற்கு மேல் அவர் பேச மாட்டார். நான் முதல் இரண்டு முறை வெறுங்கையோடு போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை ஒரு கடிதம் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் வாங்கினேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"எனது நடப்புக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. முடக்கச் சொல்லி வந்த கடிதம் அல்லது மின்னஞ்சலின் நகலைத் தர வேண்டுகிறேன். புகாரின் ஒப்புகை எண், புகாருக்குரிய பணம் என் கணக்குக்கு வந்த தேதி, தொகை, யூ.டி.ஆர். எண் (பணப் பரிமாற்ற எண்) ஆகியவற்றைத் தெரிவிக்கவும். எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், அதிகாரியின் மின்னஞ்சல் என்ன, எந்தச் சட்டப்பிரிவின் கீழ் கேட்டார்கள் என்பதையும் தெரிவிக்கவும். முழுக் கணக்கையும் முடக்கச் சொன்னார்களா, குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்தச் சொன்னார்களா என்பதை எழுத்தில் தரவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஐந்து நாள் கழித்து எனக்கு வந்த பதிலில், அந்தக் காவல் நிலையம் சுட்டிக்காட்டிய தொகை 7,450 என்றே இருந்தது. அந்த ஒரு தாள்தான் பிற்பாடு எனக்குக் கைகொடுத்தது. 7,450 ரூபாய்க்குச் சந்தேகம், அதற்காக 3,86,000 ரூபாய் முடக்கம். இதைப் படிக்கிற எந்த அதிகாரிக்கும் அடுத்த கேள்வி தானாக வரும்.

வங்கி பதிலே தராமல் இழுத்தால், அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: போலீஸ் போன்ற அமைப்புகள் உத்தரவிட்டு வங்கி செய்த காரியத்தைக் குறைதீர்ப்பாளர் விசாரிக்க மாட்டார். முடக்கத்தை எடுத்துவிடச் சொல்லி அங்கே கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தகவல் தரவில்லை, கடிதத்துக்குப் பதில் தரவில்லை என்று வங்கியின் சேவைக் குறையை மட்டும் எழுதுங்கள்.

அந்த ஒரு விற்பனைக்கு ஒரு ஃபைல் போடுங்கள்

வாங்கியவர் பேசிய வாட்ஸ்அப் உரையாடலை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். "நீலக் கரை 10, மெரூன் 8" என்று அவர் கேட்டது, நான் அனுப்பிய படம், அவர் அனுப்பிய பணத்தின் ஸ்கிரீன்ஷாட், எல்லாம் வரிசையாக இருந்தன. அதோடு பில், பார்சல் ஆபீஸ் ரசீது, ஜி.எஸ்.டி. சான்று, சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்று, ஆறு மாத ஸ்டேட்மென்ட், என் கையெழுத்திலுள்ள ஆர்டர் நோட்டின் அந்தப் பக்கம் ஆகியவற்றைச் சேர்த்தேன். ஸ்டேட்மென்டில் அந்த 7,450 ரூபாய் வரியை மஞ்சள் மார்க்கரால் கோடிட்டேன். அதற்கு மேலும் கீழும் இதே மாதிரி 5,200, 9,800, 3,150 என்று வியாபாரப் பணம் வந்துபோவது பார்த்தவுடனே தெரிந்தது. மோசடிக் கணக்கில் பணம் வந்த அடுத்த நிமிடமே மொத்தமாக வெளியே போய்விடும். என் கணக்கில் அப்படி ஒரு நாளும் இல்லை. இதை நீங்களே ஒரு வரியில் எழுதிக் காட்டுங்கள். நூற்றுக்கணக்கான கணக்குகளைப் பார்க்கிற அதிகாரி தானாகக் கண்டுபிடிப்பார் என்று விட்டுவிடாதீர்கள்.

போனை மாற்றாதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். நீதிமன்றம் வரை போனால், மின்னணு ஆதாரத்துக்குப் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டிவரும். அசல் போன் கையில் இருந்தால் அது சுலபம்.

விசாரணை அதிகாரிக்கு எழுதுவது

முடக்கச் சொன்ன காவல் நிலையத்தின் விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதமும் இந்த ஃபைலும் மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் இரண்டிலும் அனுப்புங்கள். அந்த மாநிலத்தில் இந்தப் புகார்களுக்குப் பொறுப்பான நோடல் அதிகாரி, குறைதீர் அதிகாரி ஆகியோரின் முகவரிகள் அதே சைபர் குற்ற இணையதளத்தில் இருக்கின்றன. அவர்களுக்கும் ஒரு நகல் வைக்க வேண்டும். நம் மாவட்ட சைபர் கிரைம் போலீசில் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்குவதும் நல்லது. அவர்களால் வெளிமாநில முடக்கத்தை எடுக்க முடியாது. ஆனால் நாம் ஒளியவில்லை என்பதற்கு அது சாட்சி.

கடிதத்தில் கோபம் வேண்டாம். நான் முதலில் எழுதியதில் இரண்டு பக்கம் என் கஷ்டத்தைக் கொட்டியிருந்தேன். பெருந்துறையில் எனக்காகப் பார்த்த வக்கீலம்மா அதில் முக்கால்வாசியை அடித்துவிட்டார். "அக்கா, அவருக்கு இதைப் படிக்க ரெண்டு நிமிஷம்தான் இருக்கும். மேலேயே கேக்க வேண்டியதைக் கேட்டுடுங்க" என்றார். கடைசியில் போனது ஒரு பக்கம். நான் யார், என்ன விற்றேன், எப்போது அனுப்பினேன், ஆதாரம் இதோ. சந்தேகத்துக்குரிய 7,450 ரூபாயை வழக்கு முடியும்வரை லீனில் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன், மீதிக் கணக்கைத் திறக்க வங்கிக்குச் சொல்லுங்கள். விசாரணைக்கு எப்போதும் ஒத்துழைப்பேன்.

அந்தச் சம்மதத்தை எழுதுவதா வேண்டாமா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். பெட்ஷீட் நெய்து, மடித்து, பார்சல் போட்டு அனுப்பியவள் நான். அது என் பணம் இல்லையா? அதே நேரம் அது யாரோ ஒருவருடைய பணமும்தான். யாருடையது என்று நீதிமன்றம் சொல்லட்டும், அதுவரை நிற்கட்டும் என்று முடிவெடுத்தேன். இப்போதும் அது சரி என்றே நினைக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் அந்தக் காவல் நிலையத்திலிருந்து ஒரு போன் வந்தது. இந்தியில் பேசினார், நேரில் வரச் சொன்னார். ரயிலில் போனால் இரண்டு நாள். இங்கேதான் பெண்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில், சாட்சியாக விசாரிக்க அழைக்கும் 179-ஆம் பிரிவு, பெண்களையும் 15 வயதுக்குட்பட்ட, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரச் சொல்லக் கூடாது என்கிறது. வக்கீலம்மா அதைக் குறிப்பிட்டு, வீடியோ அழைப்பிலோ எழுத்திலோ பதில் தரத் தயார் என்று மின்னஞ்சல் அனுப்பினார். அப்புறம் அவர்கள் வரச் சொல்லவில்லை, கேள்விகளை எழுதி அனுப்பினார்கள். ஆண்களுக்கும் சொல்கிறேன், போனில் கூப்பிட்டால் உடனே கிளம்பிவிடாதீர்கள். எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். அது 94-ஆம் பிரிவில் ஆவணம் கேட்பதா, 179-இல் சாட்சியாக அழைப்பதா, 35(3)-இல் சந்தேக நபராக அழைப்பதா என்று பாருங்கள். 35(3) என்றால் வக்கீல் இல்லாமல் ஒரு அடி வைக்காதீர்கள். அதைக் கண்டுகொள்ளாமலும் இருந்துவிடாதீர்கள், கைது வரை போகும்.

இன்னொரு போனும் வரும். "நான் சைபர் செல்லிலிருந்து பேசுகிறேன், 15,000 அனுப்பினால் இன்றைக்கே திறந்துவிடுகிறேன்" என்பான். எனக்கு இரண்டு முறை வந்தது. கணக்கு முடங்கியவர்களைக் குறிவைத்தே திரிகிறவர்கள் இருக்கிறார்கள். "பாதிக்கப்பட்டவர்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவருக்கு நேரடியாகப் பணத்தைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். அவர் உண்மையானவரா என்று உங்களுக்குத் தெரியாது, அனுப்பியதற்காகப் போலீஸ் முடக்கத்தை எடுத்துவிடும் என்ற உத்தரவாதமும் இல்லை.

இது நியாயமா?

வழிமுறை மட்டும் எழுதினால் போதாதா என்று கேட்கலாம். எனக்கு இது நியாயமா இல்லையா என்று தெளிவானபிறகுதான் யாரிடம் எதைக் கேட்பது என்றும் தெளிவாயிற்று. அதனால் சொல்கிறேன்.

என் சின்னம்மாவுக்கு மூன்று வருடம் முன்பு கரண்ட் பில் கட்டவில்லை என்று ஒரு போன் வந்து, 1,40,000 ரூபாய் போய்விட்டது. அவர் மகன் ஒரு மணி நேரத்துக்குள் 1930-க்குக் கூப்பிட்டான். 90,000 ரூபாயை ஏதோ ஒரு கணக்கில் பிடித்து நிறுத்தினார்கள், பிற்பாடு திரும்பி வந்தது. அன்றைக்கு யாராவது "தீர்ப்பு வரும்வரை எந்தக் கணக்கையும் தொடக் கூடாது" என்று சொல்லியிருந்தால் சின்னம்மாவுக்கு ஒரு பைசா வந்திருக்காது. அதனால் தீர்ப்புக்கு முன்பு அரசு கையே வைக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஓடுகிற பணத்தை ஓடும்போதுதான் பிடிக்க முடியும்.

ஆனால் பிடித்து நிறுத்துவது வேறு, பிடித்தபிறகு யாருக்கும் பதில் சொல்லாமல் இருப்பது வேறு. சட்டமே இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ்.ஸின் 106-ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவு. சந்தேகத்துக்குரிய பொருளைப் போலீஸ் கைப்பற்றலாம் என்கிறது. வங்கிக் கணக்கும் அப்படிப்பட்ட ஒரு சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் சொல்லிவிட்டது. ஆனால் கைப்பற்றினால் உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

அடுத்த பிரிவு 107 புதியது. குற்றத்தால் வந்த சொத்து என்று நினைத்தால், எஸ்.பி. அல்லது கமிஷனரின் ஒப்புதலோடு நீதிமன்றத்துக்குப் போய் அதை ஜப்தி செய்யக் கேட்கலாம். வழக்கு முடிந்து யாருக்கும் தண்டனை கிடைக்க வேண்டியதில்லை. அதற்கு முன்பே அந்தப் பணத்தை மாவட்ட ஆட்சியர் வழியாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியும். கேட்டுவர யாரும் இல்லையென்றால் அரசுக்கே போய்விடும். கேட்கவே பயமாக இருக்கிறது அல்லவா? ஆனாலும் அதில் நமக்கு 14 நாள் நோட்டீஸ் உண்டு. நம் பக்கத்தைச் சொல்ல இடம் உண்டு. உத்தரவு போடுவது ஒரு நீதிபதி.

எனக்கு நடந்ததில் இதில் எதுவுமே இல்லை. யாரோ ஒருவர் கணினியில் ஒரு வரி தட்டினார், இங்கே தறி நின்றது. அநியாயம் அங்கேதான் இருக்கிறது. 7,450 ரூபாயை நிறுத்தியிருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். சந்தேகம் எவ்வளவுக்கோ அவ்வளவுக்குத்தான் பிடி இருக்க வேண்டும். பிடித்த அன்றே, ஏன் என்று ஒரு தாள் வர வேண்டும். பதில் சொல்ல நாள் குறிக்க வேண்டும். சொத்துரிமை 1978-இல் 44-ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டாலும், சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவருடைய சொத்தைப் பறிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 300ஏ இன்னும் சொல்கிறது. வளையலை அடகு வைத்ததற்கு நான் கட்டிய வட்டியை யாரிடம் கேட்பது என்று எந்தப் பிரிவிலும் இல்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவந்தால்

இரண்டு வழி உண்டு. ஒன்று, முடக்கிய காவல் நிலையத்துக்குரிய நடுவர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 503-ஆம் பிரிவில் மனு போடுவது. பழைய 457 அது. செலவு குறைவு, ஆனால் அந்த ஊரில் வக்கீல் பிடிக்க வேண்டும். உள்ளூரிலேயே முடங்கியிருந்தால் இதுதான் நல்ல வழி.

இன்னொன்று, நம் கணக்கு இங்கே இருப்பதால் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் ரிட் மனு. தென் மாவட்டத்துக்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போகலாம். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கை உங்கள் வக்கீலிடம் தேடி எடுக்கச் சொல்லுங்கள். தெலங்கானா சைபர் போலீஸ் சொல்லி முடக்கிய கணக்கு. ஒன்பதரை லட்சத்துக்கு மேல் இருந்தது, சந்தேகம் இருந்தது சுமார் இரண்டரை லட்சத்துக்கு மட்டும். எவ்வளவு தொகை, எவ்வளவு காலம் என்று சொல்லாமல் விசாரணை என்ற பெயரில் முழுக் கணக்கையும் முடக்க முடியாது என்று சொல்லி, இரண்டரை லட்சத்தை மட்டும் நிறுத்திவிட்டு மீதியைத் திறக்கச் சொன்னது நீதிமன்றம். அதற்கு முந்தைய வருடம் கேரள உயர் நீதிமன்றமும், போலீஸ் குறிப்பிட்ட தொகையோடு முடக்கத்தை நிறுத்திக்கொள்ளும்படி வங்கிகளுக்கு உத்தரவிட்டிருந்தது.

ஒரு வாதத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். "நடுவருக்கு உடனே தெரிவிக்கவில்லை, அதனால் முடக்கம் செல்லாது" என்று முன்பு வாதாடி ஜெயித்திருக்கிறார்கள். 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், தாமதமாகத் தெரிவித்தாலே கைப்பற்றியது செல்லாமல் போய்விடாது என்று சொல்லிவிட்டது. தாமதத்துக்கு அதிகாரி காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தொகையைப் பற்றிய வாதமே பலமானது.

நான் கோர்ட் படியேறவில்லை. வங்கி தந்த அந்தத் தாளையும், ரிட் மனுவின் வரைவையும் இணைத்து வக்கீலம்மா அனுப்பிய கடைசி நோட்டீசுக்குப் பிறகு, 47-ஆம் நாள் காலை வங்கிக்கு மின்னஞ்சல் வந்துவிட்டது. மதியம் நூல் கடைப் பாக்கியைக் கட்டினேன்.

இனிமேல்

கியூ.ஆர். ஒட்டுகிற கணக்கு வேறு, கூலியும் நூல் பணமும் இருக்கிற கணக்கு வேறு என்று பிரித்துவிட்டேன். இரண்டும் வெவ்வேறு வங்கி. வசூல் கணக்கில் சேருவதை அன்றன்றைக்கு இரவே நூல் பணம், பார்சல் செலவு என்று உரியவர்களுக்கு அனுப்பிவிடுகிறேன், மீதியை மாற்றிவிடுகிறேன். அதற்கும் பில் வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் வந்தவுடன் வெளியே போகிற கணக்காகத் தெரியும்.

ஆர்டர் கொடுத்தவர் பெயரும் பணம் அனுப்பியவர் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்த 18 பெட்ஷீட் ஆர்டரில் இரண்டு பெயரும் வேறு வேறு. அப்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை. இப்போது பெயர் மாறினால், யார் அனுப்புகிறார்கள் என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதிக் கேட்கிறேன். பதில் வராமல் பார்சல் போவதில்லை.

அப்புறம், "அக்கா, ஆயிரம் ரூபாய் ஜி.பே. பண்றேன், கேஷா குடுங்க" என்று கடைக்கு வருகிறவர்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வைத்திருக்கிறவர்களுக்கு இது தினசரி நடப்பது. ஆஸ்பத்திரிக்கு அவசரம் என்பார்கள், பாவமாகவும் இருக்கும். ஆனால் அதற்குப் பில் கிடையாது, பார்சல் ரசீது கிடையாது, நாளைக்குக் கேட்டால் காட்ட ஒன்றும் கிடையாது. தெரிந்த முகம் என்றால் கையில் இருப்பதைக் கடனாகக் கொடுத்துவிடுகிறேன். ஜி.பே.க்குப் பணம் மாற்றித் தருவதை விட்டுவிட்டேன்.

என் ஸ்டேட்மென்டில் இன்றைக்கும் கடைசியில் ஒரு வரி நிற்கிறது: லீன் 7,450.00. அந்த மாநிலத்து நீதிமன்றத்திலிருந்து இன்னும் எந்தத் தாளும் வரவில்லை. மாதம் ஒருமுறை, ஒப்புகை எண்ணை மேலே போட்டு, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறேன். போன வாரம் ஒன்பதாவது அனுப்பினேன்.